வால்பாறை வரை சார்ஜ் தாங்குமா? மலைக்காட்டு மின்கார் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையிலிருந்து சேலத்துக்கோ மதுரைக்கோ மின்காரில் போக இப்போது பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. டீ குடிக்க நிறுத்தும் இடத்திலேயே வேக சார்ஜர் நிற்கிறது. சிக்கல் ஆரம்பிப்பது அடிவாரத்தில். மேலே ஏற ஏற சார்ஜர் குறைகிறது, மின்சாரம் தடுமாறுகிறது, போன் சிக்னல் போய்விடுகிறது, காட்டுச் செக்போஸ்ட்டுகள் நேரத்துக்கு மூடிவிடுகின்றன. இங்குள்ள பதில்கள் மேற்குத் தொடர்ச்சி மலையை, அதிலும் வால்பாறைப் பாதையை மனதில் வைத்து எழுதியவை. வேறு மலைக்கும் கணக்கு இதேதான், எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

கணக்குகளுக்கு எடுத்துக்கொண்ட வண்டி: 45 யூனிட் பேட்டரி, நாலு பேர், சாமான், எல்லாம் சேர்த்து 1.8 டன். யூனிட் என்றால் வீட்டு மீட்டரில் ஓடும் அதே யூனிட்தான், ஒரு கிலோவாட் மணி.

டேஷ்போர்டில் 300 கிலோமீட்டர் காட்டுகிறது. கோவை–வால்பாறை 105 கிலோமீட்டர்தானே, கணக்கு எதற்கு?

அந்த 300, நீங்கள் கடைசியாக ஓட்டிய சமவெளிச் சாலையை வைத்து வண்டி போட்ட கணக்கு. முன்னால் மலை இருப்பது அதற்குத் தெரியாது. ஆழியாறு செக்போஸ்ட்டைத் தாண்டியதும் எண் மளமளவென்று சரியும். பத்து கிலோமீட்டர் ஓடியிருப்பீர்கள், முப்பது குறைந்திருக்கும். பலர் பயந்து திரும்பிவிடுவது இங்கேதான். திரும்பி இறங்கும்போது இதே எண் தலைகீழாக ஏறும், அதையும் நம்ப வேண்டாம்.

மலையில் கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள். பேட்டரி சதவீதத்தைப் பார்த்து அதை யூனிட்டாக மாற்றிக்கொள்ளுங்கள். 45 யூனிட் பேட்டரியில் ஒரு சதவீதம் என்பது சுமார் 0.45 யூனிட்.

யூனிட் கணக்கை எப்படிப் போடுவது?

செலவு இரண்டு வகை: ஓட்டச் செலவு, ஏற்றச் செலவு.

ஓட்டச் செலவு சமவெளியில் 80 கிலோமீட்டர் வேகத்தில் நூறு கிலோமீட்டருக்கு 13 யூனிட் வாக்கில் வரும். மலையில் வேகம் 30–35தான், காற்றின் எதிர்ப்பு அநேகமாக இல்லை. ஆகவே உயரக் கணக்கைத் தனியாக எடுத்துவிட்டால் மலைப்பாதையின் ஓட்டச் செலவு நூறு கிலோமீட்டருக்கு 10 யூனிட்தான்.

ஏற்றச் செலவுக்கு ஒரே ஒரு எண்ணை மனப்பாடம் செய்தால் போதும்: ஒரு டன் எடையை 100 மீட்டர் உயரம் ஏற்ற 0.3 யூனிட். இதில் 0.27 புவியீர்ப்புக்கு, மிச்சம் மோட்டாரிலும் இன்வெர்ட்டரிலும் சூடாகப் போவது. நம் 1.8 டன் வண்டிக்கு 100 மீட்டருக்கு 0.54 யூனிட், ஆயிரம் மீட்டருக்கு 5.4 யூனிட். பாதை சுற்றிப் போனாலும் செங்குத்தாகப் போனாலும் இந்த எண் மாறாது.

உயரத்தைக் கணக்கிடும்போது கிளம்பும் ஊர், சேரும் ஊர் இரண்டின் வித்தியாசத்தை மட்டும் எடுத்தால் தப்பு வரும். நடுவில் ஏறி இறங்கி மறுபடி ஏறும் இடங்களையும் கூட்ட வேண்டும். உயர வரைபடம் காட்டும் ஏதாவது ஒரு வழிகாட்டி ஆப்பில் மொத்த ஏற்றம் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளலாம்.

வால்பாறைக்கு முழுக் கணக்கையும் போட்டுக் காட்ட முடியுமா?

கோவையிலிருந்து பொள்ளாச்சி வழியாக ஆழியாறு வரை சுமார் 65 கிலோமீட்டர், சமவெளி. 8.5 யூனிட்.

ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள், சுமார் 40 கிலோமீட்டர். வால்பாறை சுமார் 3,500 அடி உயரத்தில் இருக்கிறது. நடுவில் ஏறி இறங்குவதையும் சேர்த்து மொத்த ஏற்றம் 1,000 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டத்துக்கு 4, ஏற்றத்துக்கு 5.4, ஆக 9.4 யூனிட்.

மொத்தம் 18 யூனிட். 45 யூனிட் பேட்டரியில் வண்டி எடுக்கவிடுவது 42 வாக்கில் இருக்கும். கோவையில் முழுசாக ஏற்றிக் கிளம்பினால் வால்பாறையில் 24 யூனிட் கையில் நிற்கும். திரும்பிவர 10 போதும், மிச்சம் 14. நல்லமுடி, சோலையாறு, பாலாஜி கோவில் என்று இரண்டு நாள் சுற்றினால் 60–70 கிலோமீட்டர் ஓடும். தோட்டச் சாலைகள் எல்லாம் ஏற்ற இறக்கம், குண்டும் குழியும், அதற்கு 10 யூனிட் ஒதுக்குங்கள். மிஞ்சுவது 4 யூனிட்.

அதாவது மேலே ஒரு யூனிட்கூட ஏற்றாமல் போய்வர முடியும், ஆனால் கையில் எதுவும் மிஞ்சாது. மரம் விழுந்து பாதை அடைத்தாலோ சுற்றிவர நேர்ந்தாலோ அந்த 4 யூனிட் பத்தாது. பொள்ளாச்சியில் அரை மணி நேரம் வேக சார்ஜ் போடுங்கள், இல்லையென்றால் மேலே ஒரு ராத்திரி 15 ஆம்பியர் பிளக் கிடைக்கும்படி அறை எடுங்கள். இரண்டில் ஒன்று கட்டாயம்.

என்னுடையது 24 யூனிட் பேட்டரி உள்ள சின்ன வண்டி. போகலாமா?

போகலாம், விதிகளை மீறாமல் இருந்தால். வண்டி இலேசு, நாலு பேரோடு ஒன்றரை டன் இருக்கும். கோவை–ஆழியாறு 7 யூனிட், மேலே ஏற 8 யூனிட், மொத்தம் 15. கையில் நிற்பது 7. கீழே இறங்கிக் கோவை சேரவே அது முழுதும் வேண்டும். ஆகவே பொள்ளாச்சியில் 90 சதவீதத்துக்கு ஏற்றிவிட்டு மலை ஏறுங்கள், மேலே இரவு பிளக் உறுதியாகாமல் கிளம்பாதீர்கள். "வந்து பார்த்துக்கலாம்" என்று விடுதிக்காரர் சொன்னால் அதை இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

பத்து சதவீதத்துக்குக் கீழே போனால் பல வண்டிகள் மோட்டார் சக்தியைக் குறைத்துவிடும். சமவெளியில் அது வெறும் தொந்தரவு. கொண்டை ஊசி வளைவில், பின்னால் பஸ் ஹாரன் அடிக்கும்போது, ஆபத்து. ஏற்றத்தை முடிக்கும்போது குறைந்தது 20 சதவீதம் இருக்கும்படி திட்டமிடுங்கள்.

இறங்கும்போது போட்ட சார்ஜ் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்கிறார்களே?

எல்லாம் வராது. 1.8 டன் வண்டி ஆயிரம் மீட்டர் உயரத்தில் நிற்கும்போது அதில் 4.9 யூனிட் சேமிப்பு இருக்கிறது. ஆழியாறு வரை 40 கிலோமீட்டர் உருள டயரும் காற்றும் ஏறத்தாழ 2.9 யூனிட் தின்றுவிடும். மிஞ்சும் 2 யூனிட்டில் ஜெனரேட்டராக மாறும் மோட்டார் 80 சதவீதத்தைத்தான் பேட்டரிக்குக் கொண்டுசேர்க்கும். விளக்கு, மின்விசிறி, மற்ற மின்னணுச் சாமான்களின் செலவு போனால் நிகர வரவு ஒரு யூனிட்டுக்குப் பக்கத்தில். ஏறும்போது 9.4 கொடுத்தீர்கள், இறங்கும்போது 1 திரும்பியது.

வரவு சின்னதாகத் தெரிந்தாலும், நாற்பது கிலோமீட்டரைச் செலவே இல்லாமல் ஓட்டியிருக்கிறீர்கள் என்பதை மறக்க வேண்டாம். திரும்பும் கணக்கில் மலை இறக்கத்துக்குப் பூஜ்யம் என்று போட்டுக்கொள்வது பாதுகாப்பானது.

மேலே இரவு முழுக்கப் போட்டு 100 சதவீதம் ஆக்கிவிட்டுக் கிளம்பலாமா?

வேண்டாம். பேட்டரி நிறைந்திருந்தால் இறக்கத்தில் வரும் மின்சாரத்தை வைக்க இடமில்லை, வண்டி மீட்பு பிரேக்கை (காலை எடுத்ததும் மோட்டாரே வண்டியைப் பிடித்து மின்சாரம் எடுக்கும் வசதி) தானாகவே நிறுத்திவிடும். வழக்கமாகக் காலை எடுத்ததும் மெதுவாகும் வண்டி அன்றைக்கு ஓடிக்கொண்டே இருக்கும். பெட்ரோல் வண்டியில் இரண்டாவது கியரைப் போட்டுப் பிடிக்கலாம், இதில் கியரே கிடையாது. பிரேக்கை மட்டும் மிதித்து இறங்கினால் வட்டு சூடேறி, பத்துப் பன்னிரண்டு வளைவில் கருகிய வாடை வரும். 90 சதவீதத்தில் சார்ஜை நிறுத்துங்கள். பெரும்பாலான வண்டிகளில் இந்த வரம்பை ஆப்பிலோ திரையிலோ வைக்க முடியும்.

இறக்கத்தில் மீட்பு அளவை உச்சத்தில் வையுங்கள். நியூட்ரலில் போட்டு உருட்டும் பழைய டீசல் பழக்கம் உள்ளவர்கள் அதை ஆழியாறு அணையோடு விட்டுவிடுங்கள். நியூட்ரலில் மீட்பும் இல்லை, வரவும் இல்லை.

விடுதியில் அறை எடுக்கும்போது என்ன கேட்க வேண்டும்?

"ஈ.வி. சார்ஜிங் இருக்கா?" என்று கேட்டால் "இருக்கு சார்" என்றுதான் பதில் வரும். டிவிக்குப் பக்கத்தில் உள்ள ஆறு ஆம்பியர் பிளக்கை நினைத்துச் சொல்லியிருப்பார்கள். கேள்வியை மாற்றுங்கள்: "கீசரோ ஏசியோ மாட்டுகிற பெரிய பிளக், கார் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதா? எத்தனை அடி தள்ளி?" உடனே அந்த பிளக்கையும் கார் நிறுத்தும் இடத்தையும் ஒரே படத்தில் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லுங்கள். படத்தில் பாதி பதில் கிடைத்துவிடும்: துளைகள் பெரியவையா, பிளாஸ்டிக் கருகியிருக்கிறதா, மேலே கூரை உண்டா.

அடுத்து, அந்த பிளக்குக்குத் தனி எம்.சி.பி. (சுமை மிஞ்சினால் தானே விழும் சுவிட்ச்) உண்டா, வேறு யாராவது மின்கார் கொண்டுவந்து அங்கே சார்ஜ் செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு "போன மாசம் கூட ஒருத்தர் போட்டாரு" என்று பதில் வந்தால் மற்ற எல்லாக் கேள்விகளையும் விட அது பெரிய உறுதி.

அந்த பிளக்கும் சமையலறை அல்லது கீசரும் ஒரே லைனில் இருந்தால், காலை ஆறு மணிக்கு நாலு அறைக் கீசரும் ஓடத் தொடங்கும் நேரத்தில் மெயின் விழும். சார்ஜை இரவு பத்திலிருந்து காலை ஐந்து வரை என்று நேரம் வைத்துவிடுங்கள். ஏழு மணி நேரத்தில் 18–19 யூனிட் ஏறும், வால்பாறைப் பயணத்துக்கு அது தாராளம்.

15 ஆம்பியர் பிளக்கில் மணிக்கு எவ்வளவு ஏறும்?

கையடக்கச் சார்ஜர் பெட்டி பொதுவாக 13–14 ஆம்பியர்தான் இழுக்கும். 230 வோல்ட்டில் 3 யூனிட், அதில் பேட்டரிக்குப் போய்ச் சேர்வது 2.6–2.7. வோல்டேஜ் 190க்கு இறங்கினால் 2.3தான். விடுதிக்காரரின் மீட்டரில் ஓடுவது முதல் எண், உங்கள் திரையில் தெரிவது இரண்டாவது. காசு கொடுக்கும்போது முதல் எண்ணைக் கணக்கில் எடுங்கள்.

பெட்டியில் சிவப்பு விளக்கு எரிகிறது, சார்ஜ் ஏறவில்லை. பிளக்கில் கரண்ட் இருக்கிறது. ஏன்?

பத்தில் எட்டு முறை எர்த் கோளாறு. கார் சார்ஜர் எர்த் சரியில்லாத இடத்தில் வேலை செய்ய மறுக்கும், அது அதன் பிழை அல்ல, அதன் வேலையே அதுதான். மலையில் இது அதிகம், ஏனென்றால் பாறை மண்ணில் எர்த் குழி ஆழமாகப் போட்டிருக்க மாட்டார்கள், கோடையில் குழி காய்ந்துவிடும். பழைய தோட்ட பங்களாக்களில் மூன்றாவது துளைக்குக் கம்பியே போயிருக்காது.

மல்டிமீட்டர் இருந்தால் இரண்டு நிமிட வேலை, எலக்ட்ரீஷியன் கையால் செய்யுங்கள். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 காட்டினால், பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவேயும் அதே அளவு காட்ட வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் இருந்தால் எர்த் பலவீனம். எர்த் குழி இருக்கும் இடம் தெரிந்தால் நாலு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். கால் மணி நேரத்தில் சிவப்பு பச்சையாவது உண்டு. பேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தாலும் சில பெட்டிகள் மறுக்கும், பிளக்கைக் கழற்றிக் கம்பியை மாற்றினால் சரியாகும்.

செய்யக்கூடாத ஒன்று உண்டு. "ஒரு சின்ன வயர் போட்டா ஓடிரும் சார்" என்று பிளக்குக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் பிணைத்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். விளக்கு பச்சையாகும், சார்ஜும் ஏறும். எங்காவது நியூட்ரல் கம்பி அறுந்தால் காரின் உடம்பு முழுக்க கரண்ட் பாயும். ஈரத் தரையில் செருப்பில்லாமல் கதவைத் திறக்கும் குழந்தைக்கு அது போதும். ஆன்லைனில் விற்கும் போலி எர்த் பிளக்குகளும் இதே வேலையைத்தான் செய்கின்றன. எர்த் இல்லையென்றால் அந்த இடத்தில் சார்ஜ் இல்லை, அவ்வளவுதான்.

கொஞ்ச நேரம் ஏறுகிறது, பிறகு நின்றுவிடுகிறது. மறுபடி ஏறுகிறது.

லோ வோல்டேஜ். மாலை ஆறிலிருந்து பத்து வரை ஊரே விளக்கும் ஹீட்டரும் போட்டிருக்கும், லைனின் கடைசியில் உள்ள வீட்டுக்கு 180 வோல்ட் வருவதே பெரிது. உங்கள் கார் 14 ஆம்பியர் இழுக்க ஆரம்பித்ததும் அது இன்னும் பத்து இறங்கும், பெட்டி வெட்டிக்கொள்ளும். சுமை போனதும் வோல்டேஜ் ஏறும், மறுபடி ஓடும். இப்படியே ராத்திரி முழுக்கக் கண்ணாமூச்சி.

பத்து மணிக்கு மேல் போடுங்கள். வண்டியிலோ பெட்டியிலோ ஆம்பியரைக் குறைக்கும் வசதி இருந்தால் 10க்கு, தேவைப்பட்டால் 6க்கு இறக்குங்கள். கம்பியில் ஏற்படும் இழப்பு ஆம்பியரோடு சேர்ந்து குறைவதால் வோல்டேஜ் நிற்கும். ஆறு ஆம்பியரில் மணிக்கு 1.4 யூனிட்தான், ஆனால் பத்து மணி நேரம் நிற்காமல் ஓடினால், இழப்பு போக, பேட்டரியில் 12 யூனிட் சேரும். நின்று நின்று ஓடும் 14 ஆம்பியரை விட அதுவே மேல்.

பிளக் சூடாகிறது. எவ்வளவு சூடு வரை சரி?

அரை மணி நேரம் கழித்து தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. ஐந்து விநாடி கை வைக்க முடியவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள். கீசர் கால் மணி நேரம் ஓடி நின்றுவிடும், கார் எட்டு மணி நேரம் நிற்காமல் இழுக்கும். பழைய சாக்கெட்டில் உள்ளே பிடிக்கும் பித்தளைத் தகடு தளர்ந்திருக்கும், தொடும் பரப்பு குறையும், அங்கே சூடு, சூட்டில் இன்னும் தளர்வு. காலையில் பிளக்கைப் பிடுங்கினால் பிளாஸ்டிக்கும் சேர்ந்து வரும்.

அடிக்கடி மலைக்குப் போகிறவர்கள் ஒரு புது 16 ஆம்பியர் சாக்கெட்டை வண்டியிலேயே வைத்திருக்கிறார்கள். உரிமையாளர் அனுமதியோடு உள்ளூர் எலக்ட்ரீஷியன் பத்து நிமிடத்தில் மாற்றிவிடுவார். விடுதிக்கும் அது லாபம், மறுமுறை வரும்போது நமக்கும்.

எக்ஸ்டென்ஷன் போடலாமா?

கடையில் விற்கும் வெள்ளை எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு, எர்த்தோடு சேர்த்து மூன்று கம்பி, ஒரு முனையில் 16 ஆம்பியர் பிளக், மறுமுனையில் 16 ஆம்பியர் சாக்கெட் என்று செய்துகொள்ளுங்கள். 15 மீட்டர் வரை இது போதும், அதற்கு மேல் 4 சதுர மில்லிமீட்டர். முழுவதும் பிரித்துப் போடுங்கள். சுருளாக விட்டால் நடுச்சுருளின் சூடு வெளியே போக வழியின்றி இன்சுலேஷன் உருகும். இணைப்பு தரையில் படாமல் நாற்காலி மேல் இருக்கட்டும்.

ஜெனரேட்டரிலும் சோலாரிலும் ஓடும் காட்டு விடுதி என்றால்?

அங்கே சார்ஜ் கணக்கே போடாதீர்கள். சின்ன ஜெனரேட்டரின் நியூட்ரல் பூமியோடு இணைந்திருக்காது, பெட்டி எர்த் பிழை காட்டும். சோலார் பேட்டரி அந்த விடுதியின் விளக்குக்கு வைத்தது. ராத்திரி மூன்று யூனிட் நீங்கள் எடுத்தால் பக்கத்து அறை இருட்டு. போய்வரத் தேவையானதை அடிவாரத்திலேயே ஏற்றிக்கொள்ளுங்கள்.

மழையில் சார்ஜ் போடலாமா?

கார் பக்கம் பிரச்சினை இல்லை, கன்னும் (காரில் செருகும் சார்ஜர் முனை) காரின் வாயும் மழைக்காகவே செய்தவை. பலவீனம் சுவரில் உள்ள பிளக். அதற்குக் கூரை வேண்டும். பெட்டியைத் தரையில் போடாமல் மாட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் குரங்கு வந்து ஆராயும்.

இரவில் ஒருமுறை எழுந்துபோய் சார்ஜ் ஏறுகிறதா என்று பார்க்கலாமா?

வால்பாறைத் தோட்டக் குடியிருப்புகளில் சிறுத்தையும் யானையும் வாசல் வரை வருவது வழக்கம். இருட்டும் முன் கன்னை மாட்டி, நேரத்தை வைத்து, சிக்னல் இருந்தால் ஆப்பில் பாருங்கள். இல்லாவிட்டால் விடிந்ததும் பாருங்கள். பாதி ராத்திரியில் டார்ச்சோடு கார் பக்கம் போக வேண்டாம்.

வேக சார்ஜரை நம்பி எங்கே நிறுத்துவது?

மலையடிவார ஊரில்தான்: பொள்ளாச்சி, மேட்டுப்பாளையம், வத்தலக்குண்டு, பழனி போன்ற ஊர்கள். மேலே சார்ஜர் இருப்பதாக வரைபடம் காட்டினாலும் அதைக் கூடுதல் வசதியாக வையுங்கள், திட்டத்தின் தூணாக வைக்காதீர்கள். மலைமேல் கரண்ட் போனால் சார்ஜர் நின்றுவிடும், இணையம் போனால் சார்ஜர் பணம் வாங்க முடியாமல் நிற்கும்.

பிளக்ஷேர் போன்ற ஆப்பில் கடைசியாக யார், எப்போது வெற்றிகரமாக ஏற்றினார் என்பதைப் பாருங்கள். மூன்று மாதமாக யாரும் எழுதவில்லை என்றால் அந்தச் சார்ஜர் இல்லை என்று எண்ணிக்கொள்ளுங்கள். அதே ஊரில் இன்னொரு நிறுவனத்தின் சார்ஜரையும் குறித்து வையுங்கள். ஜியான், டாடா பவர், ஸ்டேட்டிக் என்று ஒவ்வொன்றுக்கும் தனி ஆப். வீட்டில் வைஃபையிலேயே ஆப்பை இறக்கி, கணக்குத் திறந்து, வாலெட்டில் 500 ரூபாயாவது போட்டுவிடுங்கள். ஓ.டி.பி. வராத இடத்தில் 60 கிலோவாட் சார்ஜர் வெறும் அலங்காரம்.

60 கிலோவாட் என்று எழுதியிருந்தாலும் இரண்டு கன் இருந்து பக்கத்தில் இன்னொரு வண்டி நின்றால் ஆளுக்கு 30தான் வரும் இடங்கள் உண்டு. நாற்பது நிமிடம் என்று நினைத்தது ஒரு மணி நேரமாகும். 80 சதவீதத்துக்கு மேல் வேகம் தானாகவே விழும், கடைசி இருபதுக்காகக் காத்திருப்பது மலையேறும் நாளில் மட்டும் நியாயம்.

ஊட்டி, மசினகுடி பக்கம் கணக்கு எப்படி?

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி, குன்னூர் வழியாக சுமார் 50 கிலோமீட்டர், 1,900 மீட்டர் ஏற்றம். ஏற்றத்துக்கு 10.3, ஓட்டத்துக்கு 5. கோத்தகிரி வழி கொஞ்சம் நீளம், ஒன்றரை யூனிட் கூடும். விடுமுறை நாளில் குன்னூர் நெரிசலில் நிற்பதற்கு அதுவே தேவலை. ஊட்டியில் டிசம்பர், ஜனவரி அதிகாலையில் உறைபனி விழும் அளவுக்குக் குளிரும், அப்போது பேட்டரி மீட்பு மின்சாரத்தை முழுசாக ஏற்காது. காலை முதல் இறக்கத்தைப் பிரேக்கில் கவனமாக இறங்குங்கள்.

மசினகுடிக்கு 36 வளைவு கொண்ட கல்லட்டிப் பாதையில் வெளியூர் வண்டிகளை இறங்க விடுவதில்லை. கூடலூர், தெப்பக்காடு சுற்றித்தான் போக வேண்டும், சுமார் எழுபது கிலோமீட்டர். அதைக் கணக்கில் சேர்க்காமல் வருகிறவர்கள் ஊட்டியில் திகைத்து நிற்கிறார்கள்.

முதுமலை வழியாக மைசூருக்குப் போகிறவர்களுக்குப் பெரிய எல்லை சார்ஜ் அல்ல, நேரம். பந்திப்பூர்ச் சாலையில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 வரை போக்குவரத்துத் தடை. ஏழு மணிக்குச் சார்ஜரில் உங்களுக்கு முன்னால் இரண்டு வண்டி நின்றால் அன்றைய பயணம் அங்கேயே முடிந்தது. மாலை ஐந்துக்கு மேல் காடு தாண்டும் திட்டம் வேண்டாம்.

இ-பாஸ் மின்காருக்கும் வேண்டுமா?

எடுத்துவிடுங்கள். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல், வால்பாறைக்கு 2025 நவம்பர் முதல். ஆழியாறில் சிக்னலைத் தேடாமல் வீட்டிலேயே எடுத்துப் படமாக வைத்துக்கொள்ளுங்கள்.

வால்பாறையிலிருந்து மளுக்கப்பாறை வழியாக அதிரப்பள்ளி இறங்கலாமா?

அழகான பாதை, மின்காருக்கு ஏற்றதும்கூட, ஏனென்றால் மொத்தத்தில் இறக்கம். சாலக்குடி வரை நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். 10 யூனிட் செலவாகும், 18 இல்லாமல் கிளம்பாதீர்கள். மளுக்கப்பாறையைத் தாண்டியதும் வாழச்சால் வரை அடர்ந்த காடு, பிளக்கும் இல்லை, பெரும்பாலும் சிக்னலும் இல்லை. செக்போஸ்ட்டில் நுழைந்த நேரத்தைக் குறித்துக் கொடுப்பார்கள், குறித்த நேரத்துக்குள் மறுமுனையில் வெளியேற வேண்டும். பகலில் மட்டும்தான் விடுவார்கள். யானைக்கூட்டம் சாலையில் நின்றால் ஒரு மணி நேரம் அப்படியே காத்திருக்க வேண்டிவரும். நின்ற வண்டி ஏசி இல்லாமல் அநேகமாக எதுவும் செலவழிக்காது, அந்த வகையில் மின்கார் நிம்மதி.

மேகமலை, கொல்லிமலை?

சின்னமனூரிலிருந்து மேகமலை சுமார் 40 கிலோமீட்டர், 1,100 மீட்டர் ஏற்றம்: 10 யூனிட். இரவில் செக்போஸ்ட் திறக்காது. கொல்லிமலைக்குக் காரவள்ளியிலிருந்து 70 வளைவு, எட்டு ஒன்பது யூனிட்.

ஏசி எவ்வளவு தின்னும்?

ஏசி கிலோமீட்டர் பார்த்துச் செலவழிப்பதில்லை, மணி நேரம் பார்த்துச் செலவழிக்கிறது. மணிக்கு ஒரு யூனிட் என்றால் நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டருக்கு ஒன்று. மலையில் 40 கிலோமீட்டர் ஏற ஒன்றரை மணி நேரம், ஒன்றரை யூனிட். அட்டக்கட்டி தாண்டினால் கண்ணாடியை இறக்கினாலே போதும்.

மின்கார் சத்தமில்லாமல் போவது காட்டில் நல்லதா?

பாதி நல்லது. ஆழியாறு மலைப்பாதையின் ஒன்பதாவது வளைவுப் பக்கம் வரையாடு சாலையோரம் நிற்கும், புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகள் சாலையைக் கடக்கும். டீசல் வண்டியைக் கேட்டு ஒதுங்கும் மிருகம் உங்களைக் கேட்காது. வளைவில் ஹாரனுக்குப் பதில் வேகத்தைக் குறையுங்கள். யானையைப் பார்த்தால் தள்ளி நின்று, வண்டியை அணைக்காமல் ரிவர்ஸுக்குத் தயாராக இருங்கள்.

கிளம்பும் முன் வீட்டில் என்ன செய்ய வேண்டும்?

நெக்ஸான், டியாகோ, விண்ட்சர் போன்றவற்றில் இருப்பது எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை பேட்டரி. இதில் வோல்டேஜ் நடுப்பகுதியில் மாறாமல் நிற்பதால் வண்டியால் மிச்சத்தைச் சரியாக அளக்க முடியாது. எப்போதும் 30–80 என்றே ஓட்டினால் திரை காட்டும் சதவீதம் மெல்ல மெல்ல உண்மையிலிருந்து விலகும். பயணத்துக்கு முந்தைய இரவு மெதுவான சார்ஜரில் 100 வரை ஏற்றி, நிறைந்தபிறகும் ஒரு மணி நேரம் மாட்டியே வையுங்கள். அளவு சரியாகிவிடும். டயர்க் காற்றைப் பாருங்கள், ஸ்டெப்னி இருக்கிறதா என்றும் பாருங்கள். சில மின்கார்களில் அதன் இடத்தில் பஞ்சர் பாட்டில்தான் இருக்கும், பக்கவாட்டில் கிழிந்த டயருக்கு அது உதவாது.

நடுமலையில் வண்டி நின்றுவிட்டால்?

முதலில் எந்த பேட்டரி என்று பாருங்கள். திரையே எரியவில்லை, கதவு திறக்கவில்லை என்றால் பெரும்பாலும் போனது முன்னால் உள்ள சின்ன 12 வோல்ட் பேட்டரி. பெரிய பேட்டரியில் 70 சதவீதம் இருந்தாலும் வண்டி எழாது. கையடக்க ஜம்ப் ஸ்டார்ட்டர் ஒன்று இருந்தால் இரண்டு நிமிடத்தில் எழும், அதை டிக்கியில் வைக்காதீர்கள், டிக்கியே திறக்காமல் போகலாம்.

உண்மையிலேயே சார்ஜ் தீர்ந்துவிட்டால் கயிறு கட்டி இழுக்க வேண்டாம். சக்கரம் சுற்றினால் மோட்டாரும் சுற்றும், மின்சாரம் உற்பத்தியாகி இன்வெர்ட்டர் கெடும். நான்கு சக்கரமும் மேலே ஏறும் ஃபிளாட்பெட் லாரிதான் வேண்டும். அது பொள்ளாச்சியிலிருந்து வளைவு வளைவாக ஏறிவர மூன்று நான்கு மணி நேரம் ஆகும். இன்னொரு மின்காரிலிருந்து கரண்ட் எடுக்கும் வசதி உண்டென்று விளம்பரம் சொல்லும், எர்த் பிழையால் அது பாதி நேரம் ஓடாது, வீட்டில் ஒருமுறை முயன்று பாருங்கள். அதைவிட எளிது, பக்கத்துத் தோட்டத்து ஆபீஸிலோ டீக்கடையிலோ கேட்டு ஒரு மணி நேரம் 15 ஆம்பியர் பிளக் வாங்குவது. இரண்டரை யூனிட் கிடைக்கும். முகட்டைத் தாண்டிய இடமாக இருந்தால் ஆழியாறு வரை இறங்க அது போதும், கீழே போனபின் மறுபடி யாரிடமாவது பிளக் கேட்டுக்கொள்ளலாம்.